ஆளுக்குப் பாதி விலங்கியல்

வஞ்சுளவல்லி விலங்கியல் படிக்கப் போனதற்கு ஒரே காரணம் ஒரு வேப்பமரம். 1985 ஜூன் மாதம் ராஜபாளையத்துக் கல்லூரியில் விண்ணப்பம் கொடுக்க மூன்று வரிசைகள் நின்றன. கணக்கு வரிசை பட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வேதியியல் வரிசை வாசலைத் தாண்டி டீக்கடை வரைக்கும் போயிருந்தது. மூன்றாவது வரிசை மட்டும் குட்டையாக, வேப்பமர நிழலில் சுகமாக நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டே வந்தவள் எதையும் விசாரிக்காமல் அதில் போய் நின்றாள். அது எந்த வகுப்புக்கான வரிசை என்று கேட்க வேண்டும் என்று தோன்றியபோது அவள் முறை வந்து, படிவத்தில் பேரும் ஏறிவிட்டது. நிழலுக்கு ஒதுங்கிப் பட்டதாரி ஆனவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது.

அவள் வீட்டைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். கத்தரிக்காயில் புழு இருந்தால், அந்தப் புழுவைப் பத்திரமாக இலையில் ஏந்திக் கொல்லைச் செடியில் விட்டுவிட்டு வந்து, அதன் பிறகு காயைத் தூக்கி எறிகிற வீடு. அப்பா சடகோபன் ஆண்டாள் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டிக்கு ஒரு நாளும் தவறாதவர். மகள் புழு பூச்சியைப் பற்றித்தான் படிக்கப் போகிறாள் என்று கேட்டதும், "எல்லாம் பகவான் படைச்சதுதானே, படிக்கட்டும்" என்றார். அறுப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லக்கூடிய ஒரே ஆள் அக்கா காஞ்சனாவின் கணவர் கண்ணபிரான் அத்திம்பேர். அவர் மாட வீதியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். ஆறு மிஷின்கள். அவற்றில் நாலாம் நம்பர் மிஷினை வஞ்சுளாவுக்கென்றே துண்டு போட்டு மூடி வைத்திருந்தார். பெண்கள் பேட்சைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஓர் ஆள் கிடைத்தால் அவருக்குக் கசக்குமா என்ன?

"பூச்சியப் படிச்சு என்ன பண்ணப் போறே? பூச்சி மருந்துக் கடையா வைக்கப் போறே?" என்று கேட்டுவிட்டு, மாமனார் முன்னாலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார். "மூணு வருஷத்துல ஒரு பேப்பர், ஒரே ஒரு பேப்பர் போகட்டும். மறுநாளே காலேஜை நிறுத்திட்டு நாலாம் நம்பர் மிஷின்ல வந்து உக்காந்துக்கோ."

மாப்பிள்ளை சொல்லி அப்பா எதையும் தட்டியது கிடையாது. வஞ்சுளா அந்த மிஷினில் ஒரு கோடை விடுமுறை முழுக்க 'யளனகபக, யளனகபக' என்று பயிற்சி எழுத்துகளையே அடித்தவள். கடைசியில் கனவில்கூட யாரோ அவளை 'யளனகபக' என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தத் தடதட சத்தத்துக்குள் திரும்பிப் போக அவளுக்குத் துளியும் மனசில்லை. ஒரு பேப்பரும் போகக்கூடாது, அவ்வளவுதான்.

முதல் ஆய்வகத்திலேயே போகப் பார்த்தது.

ஆய்வக உதவியாளர் வீரணன் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, ஆளுக்கொரு கரப்பான்பூச்சியை மெழுகுத் தட்டில் போட்டுக்கொண்டே வந்தார். மயக்க மருந்து கொடுத்ததுதான், ஆனாலும் வஞ்சுளாவின் கரப்பான் மீசையை ஆட்டியது. அவள் இரண்டடி பின்னால் போய், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

விரிவுரையாளர் வேலுசாமி சார் சுற்றி வந்தார். "ஏம்மா, ஆரம்பிக்கலையா?"

"சார், என்னோடது இன்னும் பரமபதிக்கலை சார்."

"என்னது?"

பக்கத்து மேஜையிலிருந்து ஒரு குரல் மொழிபெயர்த்தது. "இன்னும் சாகலையாம் சார்."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி சுடலையம்மாள். செட்டியார்பட்டிப் பெண். பருத்திக் காட்டிலும் கோழிக்கூட்டிலும் வளர்ந்தவள். சார் அந்தப் பக்கம் நகர்ந்ததும் வஞ்சுளாவின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்; குண்டூசியால் நாலு குத்து, கத்திரியால் இரண்டு வெட்டு, முடிந்தது. கரப்பானின் வயிறு, படத்தில் உள்ளது போலவே திறந்து கிடந்தது.

"ஏட்டி, எதுக்கு இந்த நடுக்கம் நடுங்குத? அது உன்னயக் கடிக்கவா வருது?"

"எங்காத்துல இதையெல்லாம் தொட்டா தலைக்கு ஸ்நானம் பண்ணணும்."

"தொடாமயே நின்னா மூணு வருசமும் குளிக்காமலா கெடப்ப?" என்று கேட்டுவிட்டுத் தன் ரெக்கார்டு நோட்டைத் திறந்து காட்டினாள் சுடலை. அதில் கரப்பான் என்று அவள் வரைந்திருந்தது, காம்போடு கூடிய கத்தரிக்காய் மாதிரி இருந்தது. வஞ்சுளா பென்சிலை வாங்கி, அழித்து, பத்தே நிமிஷத்தில் வரைந்து கொடுத்தாள். வாசலில் தினம் பெரிய கோலம் போட்ட கை, இடவலம் பிசகாது. சுடலை அந்தப் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

ஒப்பந்தம் அன்றைக்கே முடிந்தது. அறுப்பதெல்லாம் சுடலை, வரைவதெல்லாம் வஞ்சுளா. இரண்டு தட்டும் ஒருத்தி கையில், இரண்டு நோட்டும் இன்னொருத்தி கையில். வஞ்சுளா ஒவ்வொரு பிராணியையும் இரண்டு தடவை வரைந்தாள். சுடலை ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அறுத்தாள். வேலுசாமி சாருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இருபத்து நாலு பேரில் இரண்டு பேராவது நோட்டை நேரத்துக்குக் கொடுக்கிறார்களே என்று அவர் வாயை மூடிக்கொண்டார்.

பூச்சி சேகரிப்பு என்று ஒன்று வந்தபோதும் இதே கதைதான். ஆளுக்கு இருபத்தைந்து பூச்சிகளைப் பிடித்து, பெட்டியில் குத்தி, பேர் எழுதிக் கொடுக்க வேண்டும். கொல்ல மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்த வஞ்சுளா விடிகாலையில் தெருவிளக்கின் அடியில் தானாக விழுந்து கிடந்த பூச்சிகளாகப் பொறுக்கினாள்.

"ஒண்ணுக்குக்கூட முழுசா ஆறு காலு இல்லையேம்மா" என்றார் வேலுசாமி சார்.

"எறும்பு எடுத்துண்டு போயிடுத்து சார்."

"அப்ப அந்த எறும்பையாவது பிடிச்சு ஒட்டியிருக்கலாம்ல? அதுவும் பூச்சிதானே?"

மறுநாள் சுடலை பருத்திக் காட்டிலிருந்து ஐம்பது பூச்சிகளைக் கொண்டுவந்தாள். எல்லாவற்றுக்கும் ஆறு கால்கள் இருந்தன. ஐம்பதுக்கும் வஞ்சுளா முத்து முத்தாகப் பேர் எழுதினாள்.

படிப்பில் மனப்பாடம் என்று ஒரு மலை இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் சுடலைக்குத் தூக்கம் வரும். மூடினால் எல்லாம் மறந்துவிடும். வஞ்சுளாவுக்கு மனப்பாடம் பண்ண ஒரே ஒரு வழிதான் தெரியும். அது அப்பாவின் கோஷ்டியைப் பார்த்து வந்தது. கோயிலில் அவர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே இருப்பார்கள். ஒரு வரிசை ஓர் அடியைச் சொல்லி நிறுத்தும்; மறு வரிசை அடுத்த அடியை வாங்கிச் சொல்லும். ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் சொல்லிக்கொண்டிருப்பார். எத்தனை நூறு பாட்டானாலும் களைப்பு தெரியாது, தூக்கமும் வராது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தப் பழைய வேப்பமரத்தின் அடியில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். விலங்குலகத்தின் பத்துத் தொகுதிகளையும் அதே மெட்டில் போட்டுவிட்டாள் வஞ்சுளா.

"புரோட்டோசோவா" என்று அவள் இழுப்பாள்.

"பொரிஃபெரா" என்று சுடலை வாங்குவாள்.

"சீலன்டிரேட்டா."

"பிளாட்டிஹெல்மின்தஸ்."

இப்படியே போய் "எக்கைனோடெர்மேட்டா" என்று வஞ்சுளா நட்சத்திர மீனைக் கொண்டுவந்து நிறுத்த, "கார்டேட்டா" என்று முதுகெலும்புள்ள சகல ஜீவராசிகளையும் கூட்டிவந்து முடித்துவைப்பாள் சுடலை. தொகுதியில் ஆரம்பித்தது பிறகு வகுப்பு, வரிசை, பேரினம் என்று பாடம் முழுக்கப் பரவிவிட்டது. சுடலைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்தது மனசில் நின்றது. சைக்கிள் நிறுத்துகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். வீரணன் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே தலையை ஆட்டுவார்.

இதில் ஒரு சங்கதியை இரண்டு பேரும் கவனிக்கவே இல்லை. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவர்கள் பக்கம் மாற்றிக்கொள்ளவில்லை. ஒற்றைப்படை முழுக்க வஞ்சுளா, இரட்டைப்படை முழுக்கச் சுடலை.

களப்பயணத்திலும் பாதிதான். இரண்டாம் வருஷம் தை மாதம் செண்பகத்தோப்புக்குப் போனார்கள். வேலுசாமி சார் காட்டுக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்தி, "யாரும் பேசப்படாது, மூச்சு சத்தம்கூடக் கேக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, தானே ஒரு வேரில் தடுக்கி "ஐயோ அம்மா!" என்று காடு அதிரக் கத்தினார். அதோடு பாதி விலங்குகள் மலையேறியிருக்கும். குரங்குகள் மட்டும் பயப்படவில்லை. அவை வந்து, வஞ்சுளாவின் அம்மா ஒரு தூக்குச்சட்டி நிறையக் கட்டிக் கொடுத்த புளியோதரையைத் தூக்கிக்கொண்டு போய், மருத மரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றைச் சார் தலையில் உதறின.

பாம்பு இருக்குமோ, சாணம் இருக்குமோ என்ற பயத்தில் வஞ்சுளா தரையைப் பார்க்கவே மாட்டேன் என்றாள். "சரிட்டி, நீ மேல பாரு, நான் கீழ பாக்கேன். பொறவு சேத்து எழுதிக்கிடுவோம்" என்று சுடலை அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

அப்படி அண்ணாந்து நடந்தபோதுதான் வஞ்சுளா அந்தப் பெரிய சாம்பல் அணிலைப் பார்த்தாள். பூனை பருமன், உடம்பைவிட நீளமான வால். புளியமரத்து உச்சிக் கிளையில் ஒரு நொடி நின்றது. பிறகு பத்தடி தள்ளியிருந்த அடுத்த மரத்துக்கு, ஒன்றுமே இல்லாத ஆகாயத்தில் கையைக் காலை விரித்துக்கொண்டு பாய்ந்தது. நிழலுக்காக ஒதுங்கி வந்த படிப்பு, இது இனிமேல் எனக்கு வேணும் என்று அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குத் தோன்றியது. அத்திம்பேருக்குப் பயந்து அல்ல, அந்தப் பாய்ச்சலுக்காகவே வேணும்.

"சுடலை! மேல பாரு, மேல பாரு!"

"செத்த நேரம் இருட்டி" என்றாள் சுடலை. அவள் குனிந்து யானை லத்தியைக் குச்சியால் கிளறி, யானை என்ன தின்றிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சுடலையின் நோட்டிலும் அணிலைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. வஞ்சுளாவின் நோட்டிலும் யானை லத்தியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஒருத்தி பார்த்ததை இன்னொருத்தி பார்க்கவில்லை. சுடலை இதை ரொம்ப நாள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

முதல் இரண்டு வருஷமும் பிராக்டிகல் தேர்வில் தப்பித்துவிட்டார்கள். பதிவெண்ணில் சுடலை பன்னிரண்டு, வஞ்சுளா பதின்மூன்று. பக்கத்துப் பக்கத்து மேஜை. தேர்வாளர் ஜன்னல் பக்கம் திரும்பினால் தட்டுகள் இடம் மாறும். வாய்மொழிக் கேள்விக்கும் இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். இவர்கள் பாட்டாகவே பாடி முடித்தார்கள். கேட்டவருக்குக் குழந்தைகள் நன்றாகத் தயாராகி வந்திருக்கிறார்கள் என்று சந்தோஷம்.

1988 ஏப்ரலில் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். இந்த வருஷம் இரண்டு பேட்ச். ஒன்று முதல் பன்னிரண்டு வரை காலையில், பதின்மூன்று முதல் இருபத்து நாலு வரை மதியம். வாய்மொழி, ஒவ்வொருவராக.

இரண்டு பேரும் அந்தக் காகிதத்தைப் படித்தார்கள். பிறகு நேராக வேப்பமரத்தடிக்குப் போனார்கள்.

"புரோட்டோசோவா" என்றாள் வஞ்சுளா. சுடலை வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டாள். வஞ்சுளா அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மூன்று வருஷமாக அந்த இடத்தில் அவள் மூச்சு வாங்கியே பழகியிருந்தாள். நாக்கு அங்கே தானாகவே நின்றுகொண்டு எதிர்ப்பாட்டுக்குக் காத்திருந்தது. சுடலையின் நிலைமை அதைவிட மோசம். அவளால் ஆரம்பிக்கவே முடியவில்லை. யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் அவள் வாயே திறக்கும்.

"ஏட்டி வஞ்சுளா, நாம மூணு வருசம் படிக்கலட்டி. ஆளுக்கு ஒண்ணரை வருசந்தான் படிச்சிருக்கோம்" என்றாள் சுடலை.

வஞ்சுளாவுக்குத் துண்டு போட்ட நாலாம் நம்பர் மிஷின் கண்முன்னே வந்து நின்றது. இருந்தது மூன்று நாள். அதில் ஒரு நாள் அழுதே போயிற்று.

தேர்வன்று மதியம் சுடலை ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"அறுத்துட்டேன். படத்தக் கேட்டாவ. வரைஞ்சேன். இது என்ன காய்னு கேட்டாவ."

"வாய்மொழி?"

"என் பாதியச் சொன்னேன். பாளையங்கோட்டப் பக்கத்து ஆளு, பேரு ஐயாதுரை. கண்ணாடிக்கு மேல கூடியே பாக்காவ. 'இம்புட்டுத்தானா?'ன்னாவ. இம்புட்டுத்தான்னேன். வெளிய இருன்னுட்டாவ. நீ போ, நான் இங்கனயே இருக்கேன்."

வஞ்சுளா உள்ளே போனாள். அவளுக்கு விழுந்த சீட்டில், கரப்பானின் நரம்பு மண்டலம் என்று இருந்தது. வீரணன் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து, அவளுக்கென்று பார்த்து ஓர் அடக்கமான கரப்பானாக எடுத்துப் போட்டார். "இதுதாம்மா கடைசி. டின்னுல வேற கெடையாது" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

அடக்கமான கரப்பான் ஒரு நிமிஷம் கிடந்தது. பிறகு மருந்து தெளிந்து, எழுந்து, மேஜை விளிம்பைத் தாண்டித் தரையில் குதித்து, நேராகத் தேர்வாளர் ஐயாதுரையின் நாற்காலியைப் பார்த்து ஓடியது. அவர் மதிப்பெண் தாளில் குனிந்திருந்தார். கரப்பான் அவர் வேட்டிக் கரையில் ஏறி, முழங்காலைக் கடந்து, சட்டைப் பையின் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

இது போனால் வேறு கிடையாது. நாலாம் நம்பர் மிஷின்தான். வஞ்சுளா மூன்று எட்டில் போய், ஸ்நானத்தையும் மறந்து, ஆசாரத்தையும் மறந்து, பல்கலைக்கழகம் அனுப்பிய தேர்வாளரின் நெஞ்சில் படார் என்று ஓர் அடி போட்டு, கரப்பானை வெறுங்கையால் பொத்திப் பிடித்தாள்.

ஆய்வகமே எழுந்து நின்றது. வேலுசாமி சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் கரப்பான் சார்" என்றாள் வஞ்சுளா.

ஐயாதுரை நெஞ்சைத் தடவிக்கொண்டே, "கொண்டு போயி அறு" என்றார்.

தொட்டதுதான் கஷ்டம், தொட்ட பிறகு ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை மருந்து காட்டி, இறக்கையை எடுத்து, இரண்டு ஓரத்திலும் கத்திரி வைத்தாள். உள்ளே எதுவும் புதிதாக இல்லை. அந்த ரெட்டை வெள்ளை நூலையும் அதில் உள்ள ஒன்பது முடிச்சுகளையும் அவள் எத்தனை தடவை வரைந்திருக்கிறாள், அதுவும் எல்லாம் இரண்டு இரண்டு தடவை! எது எங்கே இருக்கும் என்று பென்சிலுக்குத் தெரிந்தது கத்திரிக்கும் தெரிந்தது. சுடலைக்கு நாலு நிமிஷம் ஆகிற வேலைக்கு அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்பது முடிச்சில் இரண்டு அறுந்துபோயின. மீதி ஏழின் அடியிலும் கறுப்புக் காகிதத்தைச் செருகிவைத்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

வாய்மொழிக்கு அவள் பேர் வந்தது.

"விலங்குலகத்துத் தொகுதியள வரிசையாச் சொல்லு, பாப்பம்" என்றார் ஐயாதுரை.

"புரோட்டோசோவா" என்றாள். நின்றாள். எதிரே யாரும் வாங்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "சீலன்டிரேட்டா" என்றாள்.

"நடுவுல என்னத்த முழுங்குத?"

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தாண்டித் தாண்டி, நட்சத்திர மீன் வரைக்கும் வந்து நின்றுவிட்டாள்.

"எக்கைனோடெர்மேட்டாவோட உலகம் முடிஞ்சுபோச்சா?" ஐயாதுரை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்ப மாடு, மனுசன், நானு, இந்தா நிக்காவளே உங்க வேலுசாமி சாரு, நாங்கல்லாம் எங்க போறது? எங்களுக்கு முதுகெலும்பு கெடையாதா?"

வேலுசாமி சார் தன்னையறியாமல் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஐயாதுரை ஏதோ நினைவு வந்தவராகக் காலைத் தாள்களைப் புரட்டினார். "காலையில ஒரு பிள்ள வந்துது. அதுக்குப் பொரிஃபெராவுலதான் உலகமே ஆரம்பிக்கி. அது உலகத்துல பூச்சியெல்லாம் அடங்குன ஆர்த்ரோபோடாவே கெடையாது. கையில கரப்பான அறுத்து வச்சிக்கிட்டு, கரப்பானே கெடையாதுங்குது!" அந்தத் தாளை இழுத்து, சுடலை சொன்னதைப் பக்கத்தில் எழுதினார், வஞ்சுளா சொன்னதை இடையிடையே நுழைத்தார். பத்தும் வரிசையாக வந்து உட்கார்ந்தது. அவர் பென்சில் நின்றுவிட்டது.

"காலையில வந்த அந்தப் பிள்ள எங்க?"

சுடலை வராந்தாவிலிருந்து உள்ளே வந்தாள். வஞ்சுளாவின் முகத்தைப் பார்த்து, "மாட்டிக்கிட்டோமாட்டி?" என்று கேட்டாள். வஞ்சுளா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: கோஷ்டி, வேப்பமரம், ஒற்றைப்படை, இரட்டைப்படை. ஒளித்துவைக்க இனி என்ன இருக்கிறது?

மூலையில் தொங்கிய எலும்புக்கூட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியையும் அந்தப் பக்கம் ஒருத்தியையும் நிறுத்தினார் ஐயாதுரை. "எங்க, பாடுங்க."

பாடினார்கள். முதலில் தாளம் தப்பியது. மூன்றாவது தொகுதிக்குள் மெட்டு பிடித்துக்கொண்டது. ஏழாவது தொகுதியில் மூன்றாவதாக ஒரு குரலும் சேர்ந்து கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். வாசலில் காலி பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டு வீரணன், இரண்டு பக்கத்தையும் சேர்த்து முழுசாகப் பாடிக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் கேட்ட காது அல்லவா?

"நியாயமாப் பாத்தா இவருக்குத்தான்யா பட்டத்தக் குடுக்கணும்" என்றார் ஐயாதுரை. பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "இது ரெண்டு பேருக்குமாச் சேத்து ஒரு பட்டம். அப்படிக் குடுக்க எனக்கு அதிகாரம் கெடையாது. இப்ப பக்கம் மாறி நில்லுங்க. நீ அவளுதச் சொல்லு, அவ உன்னுதச் சொல்லட்டும். வரலன்னா ரெண்டு பேரும் அடுத்த வருசம் வாங்க" என்றார்.

சுடலை ஆரம்பிக்க வேண்டும். வாழ்நாளில் எதையும் அவள் ஆரம்பித்ததில்லை. வஞ்சுளாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, வஞ்சுளாவின் அதே இழுப்பில், அவள் கொஞ்சம் மூக்கால் பேசுகிற அந்தத் தொனியோடு கூட, "புரோட்டோசோவா" என்றாள்.

"பொரிஃபெரா" என்றாள் வஞ்சுளா. அடுத்தவள் செருப்பைப் போட்டு நடப்பது போல இருந்தது. ஆனால் நடக்க முடிந்தது. எத்தனை ஆயிரம் தடவை காதில் விழுந்தது! மூச்சு வாங்கிய நேரமெல்லாம் இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்? கடைசியில் "கார்டேட்டா!" என்று அவள் போட்ட சத்தத்தில், வெளியே சைக்கிளில் போனவர் காலை ஊன்றிவிட்டார்.

பிறகு ஒவ்வொருத்தியாகத் தனியாகவும் சொல்லச் சொன்னார். ஒருத்திக்கும் பிசகவில்லை.

தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். வஞ்சுளாவுக்கு நாற்பத்திரண்டு, சுடலைக்கு நாற்பத்து மூன்று. ஐயாதுரை தாராளமான ஆள் இல்லை. தேர்வாளரின் நெஞ்சில் அடித்ததற்குத்தான் அந்த ஒரு மார்க் குறைந்தது என்று சுடலை கடைசி வரைக்கும் சாதித்தாள். கண்ணபிரான் அத்திம்பேர் நாலு நாள் யாரோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள் நாலாம் நம்பர் மிஷினின் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வஞ்சுளா பி.எட். முடித்து, கிருஷ்ணன்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவியல் ஆசிரியை ஆனாள். சுடலை சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில். வஞ்சுளா தன் கேள்வித்தாளை எல்லாம் அதே நாலாம் நம்பர் மிஷினில் வந்துதான் அடிப்பாள். அத்திம்பேர் பின்னால் நின்று, "ஸ்பீடு பத்தாது" என்பார்.

வகுப்பில் அவள் இடது பக்கப் பெஞ்சுகளை ஒற்றைப்படைக்கும் வலது பக்கப் பெஞ்சுகளை இரட்டைப்படைக்கும் வைத்துப் பாட வைத்தாள். பிள்ளைகளுக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. வாரம் ஒரு தடவை பக்கம் மாற்றிவிட வேண்டும் என்று அவள் உறுதியாக நினைத்திருந்தாள். நினைத்ததோடு சரி.

1996-இல் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களை வெளிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். பத்து நாள் கழித்து அவள் பேருக்கு ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பிரித்தாள்.

'ஏட்டி வஞ்சுளா, உன் பிள்ளைகளோட பேப்பர்க் கட்டு எங்கிட்டத்தான் வந்துருக்கு. பள்ளிக்கூடத்துப் பேரு போடலன்னாலும் எனக்குத் தெரியாதா? பாதிப் பிள்ளைக நட்சத்திர மீனோட உலகத்த முடிச்சிருக்கு. மீதிப் பாதிக்குக் கரப்பானே கெடையாது. நீ திருந்தவே மாட்ட. பத்துக்கு அஞ்சுதான் எல்லாருக்கும் போட்டேன். எம்பக்கத்து ரெட்டைப்படைப் பிள்ளைகளுக்குக் கூட ஒண்ணு போடலாமான்னு கை அரிச்சுது, போடல.

எனக்கு ஒரு கொறதான் இன்னும் இருக்கு. அந்த அணில நான் பாக்கவே இல்ல. உன் நோட்டப் பாத்து எழுதி மார்க் வாங்குனதோட சரி. பொங்கல் லீவுக்கு வாரேன், செண்பகத்தோப்புக்குப் போவோம். இந்தத் தடவ நீ கீழ பாரு, நான் மேல பாக்கேன்.'